மடகாஸ்கர் செல்வோருக்கு பிரிட்டிஷ் பயண அறிவுரைச் சேவை எவ்வளவு உதவும்?

ஆட்சி அடிக்கடி ஆட்டம் காணும் நாடொன்றுக்குப் புறப்படுவோர், தாம் எந்த நாட்டுக் குடிமக்களாக இருந்தாலும், பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சகம் இலவசமாக வெளியிடும் பயண அறிவுரையைப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. அந்தச் சேவையை மடகாஸ்கரை வைத்து மதிப்பிட்டால், அதன் பலமும் குறையும் தெளிவாகத் தெரிகின்றன.

அமெரிக்க வெளியுறவுத் துறை 2018 முதல் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒன்று முதல் நான்கு வரையிலான ஒரு பயண எச்சரிக்கை நிலையை அளிக்கிறது. பிரிட்டிஷ் சேவையில் எண் கிடையாது. எந்தப் பயணமும் வேண்டாம், இன்றியமையாத பயணம் தவிர வேறு வேண்டாம் என்ற இரண்டு எச்சரிக்கைகளே உண்டு, அவற்றையும் தேவைப்படும் பகுதிக்கு மட்டும் விதிக்க முடியும். தெற்கே மாடு கவரும் டஹாலோ எனப்படும் ஆயுதக் கும்பல்களும், வடமேற்கே நோசி பே தீவின் கடற்கரை விடுதிகளும் உள்ள ஒரு பெருந்தீவை ஒற்றை எண்ணால் விளக்குவதைவிட இம்முறை நேர்மையானது. இந்த எச்சரிக்கையை மீறிச் சென்றால் பயணக் காப்பீடு செல்லாமல் போகக்கூடும் என்று முதலிலேயே சொல்லிவிடுவதும் நல்லது. தத்தம் காப்பீட்டுப் பத்திரம் எந்த அரசின் அறிவுரையைக் கணக்கில் கொள்கிறது என்பதைப் பயணிகள் படித்துப் பார்க்க வேண்டும்.

குறை, அரசியல் நிலவரத்தைச் சொல்லும் விதத்தில் இருக்கிறது. போராட்டங்கள் நடக்கலாம், கூட்டங்களை விட்டு விலகியிருங்கள் என்பதைத் தாண்டி இத்தகைய அறிவுரைகள் அதிகம் செல்வதில்லை. ஆனால் 2025 செப்டம்பர் 25 அன்று தலைநகர் அன்டனனரிவோவில் இளைஞர்கள் தெருவுக்கு வந்தது ஓயாத மின்வெட்டையும் தண்ணீர்த் தட்டுப்பாட்டையும் எதிர்த்துத்தான். மின்சாரமும் தண்ணீரும் வழங்கும் அரசு நிறுவனமான ஜிராமாவின் சீர்கேட்டைப் பயணி விடுதியில் ஓடும் ஜெனரேட்டரின் சத்தமாக மட்டுமே அறிந்திருப்பார். ஆட்சி கவிழ்வதற்கான முதல் அறிகுறி அதுவே என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அக்டோபர் 11 அன்று காப்சாட் என்னும் ராணுவப் பிரிவு போராட்டக்காரர்கள் பக்கம் சாய்ந்தது; 14 அன்று நாடாளுமன்றம் அதிபர் ராஜோலினாவைப் பதவிநீக்க வாக்களித்தது; 17 அன்று கர்னல் மைக்கேல் ராண்ட்ரியநிரினா அதிபராகப் பதவியேற்றார். முதல் ஊர்வலத்திலிருந்து புதிய அதிபர் வரை ஒரு மாதம்கூட ஆகவில்லை, அதாவது பலர் விடுப்பெடுத்துச் சென்று திரும்பும் காலத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

ஒரு பக்க வரலாறு சேர்த்திருந்தால் பயணிக்கு எவ்வளவோ உதவியிருக்கும். 2009இல் ராஜோலினாவை ஆட்சிக்குக் கொண்டுவந்ததிலும் இதே காப்சாட்டுக்குப் பெரும் பங்கு உண்டு. 1972இல் முதல் அதிபர் சிரானானாவின் ஆட்சியை முடித்த எழுச்சியின் பெயரைத் தாங்கி நிற்கும் மே 13 சதுக்கம், அதன் பின் வந்த நெருக்கடிகளிலும் மக்கள் திரளும் இடமாகவே இருந்துவருகிறது, 2025லும் அப்படித்தான். கூட்டங்களைத் தவிருங்கள் என்னும் பொதுவான வரியைவிட, அந்தச் சதுக்கத்துக்கு அருகில் அறை எடுக்காதீர்கள் என்னும் வரி பயணிக்கு அதிகம் பயன்படும்.

நாடுகளின் ஆட்சித்திறனை அளவிடும் உலக வங்கியின் குறியீடுகள் இந்த இடைவெளியை நிரப்பும் என்று சிலர் நம்புகிறார்கள். அரசியல் நிலைத்தன்மை அவற்றின் ஆறு கூறுகளில் ஒன்று என்பது உண்மை. ஆயினும் ஆண்டுக்கொரு முறை வரும் அந்த மதிப்பெண்கள் ஆய்வாளருக்கு உதவுவதுபோல் பயணச்சீட்டு வாங்குபவருக்கு உதவுவதில்லை.

எங்கு செல்லலாம், காப்பீடு நிற்குமா என்ற இரண்டு கேள்விகளுக்கு பிரிட்டிஷ் சேவையை நம்பலாம், அதன் மின்னஞ்சல் அறிவிப்புக்கும் பதிவு செய்துகொள்ளலாம். எப்போது செல்வது என்பதை முடிவு செய்ய, தலைநகரின் மின்வெட்டைப் பற்றியும் ராணுவத்தின் போக்கைப் பற்றியும் அந்நாட்டுப் பிரெஞ்சு நாளேடுகள் எழுதுவதைச் சில வாரங்கள் தொடர்ந்து படிப்பதே மேல். திரும்பும் வழியை அன்டனனரிவோவின் இவாட்டோ விமான நிலையத்தோடு மட்டும் கட்டிவைக்காமல், நோசி பேயிலிருந்து நேரடியாக வெளிநாடு செல்லும் விமானங்களையும் முன்பே பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும்.