கெட்டுப்போன பேக்கப்: ஜி-ஜிப்பா, பி-ஜிப்2ஆ?

ஜி-ஜிப் (gzip), பி-ஜிப்2 (bzip2) இரண்டும் கோப்புகளைச் சுருக்கும் நிரல்கள். இவற்றில் ஒன்றால் சுருக்கிய பேக்கப் கோப்பின் நடுவில் சில பைட்டுகள் கெட்டுவிட்டன என்று வைத்துக்கொள்வோம். முதலில் ஒரு நகல் எடுங்கள். அதில் மட்டும் கை வையுங்கள்.

ஜி-ஜிப் என்றால், பழுதுக்கு முன்னால் இருப்பது எளிதில் கிடைக்கும். சுருக்கியதை விரித்துக் காட்டும் இசட்-கேட் (zcat) கட்டளையின் வெளியீட்டை ஒரு கோப்புக்குத் திருப்பினால் பிழை வரும் இடம்வரை எழுதிவிடும். அதற்குப் பிறகுதான் சிக்கல். ஒவ்வொரு பகுதியும் தனக்கு முந்தைய 32 கிலோபைட்டைச் சுட்டியே சுருங்கியிருப்பதால், நூல் அறுந்த மாலை மாதிரி மீதி சிதறிவிடும். ஜி-இசட்-ரெகவர் (gzrecover) என்ற மீட்புக் கருவி பழுதைத் தாண்டிக் கொஞ்சம் மீட்கும். கிடைப்பதை அப்படியே நம்ப முடியாது.

பி-ஜிப்2 தரவை அதிகபட்சம் 9 லட்சம் பைட் கொண்ட தனித்தனி பிளாக்காகச் சுருக்குகிறது. ஒவ்வொரு பிளாக்கும் 314159265359 என்று தொடங்கும். ஆமாம், கணிதத்தில் வரும் அதே பை (π)! பி-ஜிப்2-ரெகவர் (bzip2recover) என்ற மீட்புக் கருவி இந்த அடையாளத்தைத் தேடிப் பிடித்துக் கோப்பைத் துண்டு துண்டாக வெட்டித் தரும். அப்புறம் ஒவ்வொன்றையும் சோதித்து, கெட்டதைத் தள்ளி, மீதியை வரிசையாக விரித்து ஒட்டலாம். போவது ஒரு பிளாக்தான்.

வேகத்தில் ஜி-ஜிப் முந்தும். ஆனாலும் வருடக்கணக்கில் தூங்கப்போகும் பேக்கப்புக்கு நான் பி-ஜிப்2வைத்தான் எடுப்பேன். ஒரே பிளாக்கில் அடங்கும் சின்னக் கோப்புக்கு மட்டும் இந்த லாபம் கிடையாது.