ஐபனெஸ் ஜெம் 7வி: ஸ்டீவ் வாயின் கைக்கென வடித்த கிட்டார்

அமெரிக்க ராக் இசையமைப்பாளர் ஃபிராங்க் ஸப்பாவின் சிக்கலான இசையைக் காதால் கேட்டு ஸ்வரக் குறிப்புகளாக எழுதிக் கொடுக்கும் வேலையில் தொடங்கி, 1980இல் அவருடைய குழுவிலேயே கிட்டார் கலைஞராகச் சேர்ந்தவர் ஸ்டீவ் வாய். பின்னர் ராக் பாடகர் டேவிட் லீ ராத்துடன் வாசித்துப் பெரும் புகழ் பெற்ற அவர், ஐபனெஸ் நிறுவனத்துடன் இணைந்து உருவாக்கிய ஜெம் வரிசை 1987இல் வெளிவந்தது. வெள்ளை நிற 7வி அவ்வரிசையில் 1993இல் சேர்ந்தது.

உடலில் குடைந்த கைப்பிடியும் விரற்பலகையில் படரும் கொடி வேலைப்பாடும்தான் முதலில் கண்ணில் படுகின்றன. கொடி அழகுதான், ஆனால் வாசிப்புக்கு அதனால் ஆவது ஒன்றுமில்லை. இக்கிட்டாரின் உயிர், தந்திகளை உடலில் தாங்கி நிற்கும் பிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கிறது. பிரிட்ஜை அசைத்துச் சுருதியை ஏற்றி இறக்கும் ட்ரெமோலோ தண்டைத் தந்திகள் தொய்ந்து தொங்கும்வரை அழுத்தவும் முடிகிறது, அங்கே மரம் ஆழமாகக் குடையப்பட்டிருப்பதால் ஸ்வரம் கிறீச்சிடும்வரை மேலே இழுக்கவும் முடிகிறது; கழுத்தின் மேல்முனையில் தந்திகள் படியும் நட்டில் அவை பூட்டப்பட்டிருப்பதால் இவ்வளவுக்குப் பிறகும் சுருதி பெரும்பாலும் பழைய இடத்துக்கே திரும்புகிறது. 1986இல் ராத்தின் ஆல்பத்தில் பாடகரின் பேச்சுக்குக் கிட்டாரையே பதில் பேச வைத்தவருக்கு இது ஆடம்பரமல்ல, அன்றாடத் தேவை.

அந்தத் தேவை நமக்கும் உண்டா என்பதை வாங்குமுன் யோசிக்க வேண்டும். மிதக்கும் பிரிட்ஜில் தந்திகளின் இழுவிசையும் ஸ்பிரிங்குகளின் இழுவிசையும் ஒன்றையொன்று சமன்செய்து நிற்பதால், ஒரு தந்தி அறுந்தால் மற்ற ஐந்தின் சுருதியும் ஏறிவிடும். ஒரு தந்தியை வளைத்து வாசிக்கும்போது உடன் ஒலிக்கும் மற்றொன்று சற்றே இறங்கும். பாடலுக்குப் பாடல் சுருதி மாற்றி வாசிப்பவர்களுக்கு இது தீராத தலைவலி.

தந்தியின் அதிர்வை மின்சைகையாக்கும் டிமார்சியோ எவல்யூஷன் பிக்கப்புகள் கூர்மையானவை, விரலின் சிறு தயக்கத்தையும் மறைக்காதவை. கற்றுக்கொள்பவருக்கு இது சங்கடமாகவே இருக்கும். பிக்கப்புகளைத் தேர்ந்தெடுக்கும் ஐந்து நிலை ஸ்விட்சின் இரண்டாம், நான்காம் நிலைகளில், ஹம்பக்கர் எனும் இரட்டைச் சுருள் பிக்கப்பின் ஒரு சுருள் மட்டும் நடு பிக்கப்புடன் சேர்வதால் கிடைக்கும் மெல்லிய, கண்ணாடி போன்ற தொனியை நான் எதிர்பார்க்கவில்லை. விரற்பலகையின் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகளான 24 ஃப்ரெட்டுகளில் கடைசி நான்கின் இடையே பலகை குடையப்பட்டிருப்பதால், அந்த உச்சியில் தந்தியை வளைக்க விரலுக்கு நல்ல பிடி கிடைக்கிறது. அங்கே போகாதவருக்கு, இதே வடிவமைப்பிலிருந்து பிறந்த ஐபனெஸ் ஆர்ஜி வரிசையே போதும்.