காஸ்மாஸ் டிபியும் ஸ்பிரிங் டேட்டாவும்: வசதிக்குள் மறையும் செலவு

மைக்ரோசாஃப்ட் 2017ஆம் ஆண்டு அறிமுகப்படுத்திய அஷூர் காஸ்மாஸ் டிபி என்னும் மேகத் தரவுத்தளத்தை ஜாவாவிலிருந்து கையாள, ஸ்பிரிங் டேட்டா காஸ்மாஸ் லைப்ரரியைச் சந்தா விவரங்களைச் சேமிக்கும் ஒரு சிறிய சேவையில் சில மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். ஒரு கிளாஸின் மேல் கன்டெய்னர் அனோட்டேஷனையும் (லைப்ரரிக்கு வழிகாட்டும் சிறு குறிப்பு), அதன் புலங்களில் ஐடி, பார்ட்டிஷன் கீ (ஆவணம் எந்தப் பிரிவில் சேரும் என்பதைத் தீர்மானிக்கும் புலம்) அனோட்டேஷன்களையும் இட்டுவிட்டால், ஆப்ஜெக்ட்டை ஜேசன் ஆவணமாகவும் ஆவணத்தை ஆப்ஜெக்ட்டாகவும் மாற்றும் வேலை முழுவதையும் அது ஏற்றுக்கொள்கிறது. வெர்ஷன் அனோட்டேஷனை ஈடேக் (ஆவணம் மாறும்போதெல்லாம் மாறும் பதிப்புக் குறி) புலத்தில் இட்டால், ஒரே ஆவணத்தை இருவர் ஒரே நேரத்தில் திருத்தும்போது பின்னவரின் திருத்தம் முன்னவருடையதைச் சத்தமின்றி அழித்துவிடாமல் பிழையாகத் திரும்பி வருகிறது. எனக்கு மிகவும் பிடித்த அம்சம் இதுதான்.

ஆனால் இந்த வசதியே செலவையும் மறைத்துவிடுகிறது. காஸ்மாஸ் டிபியில் ஒவ்வொரு செயலுக்கும் ரிக்வெஸ்ட் யூனிட் என்ற அலகில் கணக்கு வைக்கப்படுகிறது. 1 கேபி ஆவணம் ஒன்றை ஐடியும் பார்ட்டிஷன் கீயும் கொடுத்து நேராகப் படித்தால் 1 யூனிட் செலவாகும். பார்ட்டிஷன் கீ இல்லாத வினவலோ எல்லாப் பார்ட்டிஷன்களிலும் தேட வேண்டியிருப்பதால், தரவு பெருகப் பெருக அதன் செலவும் கூடுகிறது. ரெப்பாசிட்டரியில் (தரவைப் படிக்கவும் எழுதவும் மெத்தட்கள் கொண்ட இன்டர்ஃபேஸ்) இந்த இரு வகைத் தேடலுக்குமான மெத்தட்கள் பார்வைக்கு ஏறத்தாழ ஒன்றுபோல இருப்பதால், ஐடியை மட்டும் கொடுத்துத் தேடும் வரிகளை நானே பல இடங்களில் எழுதிவிட்டுப் பின்னர் ஒவ்வொன்றாகத் திருத்தினேன். ஒரு தருக்கப் பார்ட்டிஷனின் (ஒரே பார்ட்டிஷன் கீ மதிப்பைக் கொண்ட ஆவணங்களின் தொகுப்பு) அளவு 20 ஜிபியைத் தாண்டக் கூடாது என்பதால், எந்தப் புலத்தைப் பார்ட்டிஷன் கீயாக வைப்பது என்பதைக் கிளாஸை எழுதும் முன்பே முடிவு செய்தாக வேண்டும். ஒவ்வொரு வினவலின் செலவையும் லாகில் பதிக்க இந்த லைப்ரரியிலேயே வழி இருக்கிறது. முதல் நாளே அதை இயக்கிவிடுங்கள்.

லைப்ரரியின் ரியாக்டிவ் பகுதி, அதாவது விடைக்காக த்ரெட்டை நிறுத்திவைக்காமல் விடை வரும்போது கையாளும் பகுதி, உண்மையாகவே நன்றாக அமைந்திருக்கிறது. அஷூரின் நான்காம் பதிப்பு ஜாவா எஸ்டிகே (தரவுத்தளத்தோடு பேசும் அடிப்படை லைப்ரரி) புராஜெக்ட் ரியாக்டர் என்னும் ரியாக்டிவ் லைப்ரரியின் மேல் கட்டப்பட்டிருப்பதால், அதிகபட்சம் ஒரு விடையைத் தரும் மோனோவும் பல விடைகளைத் தரும் ஃபிளக்ஸும் இங்கே மேலோட்டமாக ஒட்டவைத்தவையாக இல்லை. வினவலின் விடைகள் பக்கம் பக்கமாக வருவதால், தேவையானவை கிடைத்ததும் ஃபிளக்ஸை நிறுத்திவிட்டால் மீதிப் பக்கங்கள் கேட்கப்படுவதில்லை, யூனிட்டுகளும் மிஞ்சுகின்றன. ஒதுக்கிய அளவைத் தாண்டும்போது வரும் 429 பிழைக்கு எஸ்டிகேயே சற்றுக் காத்திருந்து மறுமுயற்சி செய்கிறது, அந்தக் காத்திருப்பில் எந்த த்ரெட்டும் முடங்கிக் கிடப்பதில்லை.

இருப்பினும், ரியாக்டிவ் சங்கிலியின் நடுவே யாரேனும் விடை வரும்வரை த்ரெட்டை நிறுத்திவைக்கும் பிளாக் மெத்தட்டை அழைத்தால், நெட்டி என்னும் நெட்வொர்க் லைப்ரரியின் த்ரெட்டிலேயே பிழை எழும். அதன் ஸ்டேக் டிரேஸைப் படித்துக் காரணம் காண்பது புதியவர்களுக்குக் கடினம். உறவுகளை இணைக்கும் ஜாயின் வசதியை ரிலேஷனல் தரவுத்தளம்போல இங்கே எதிர்பார்க்க இயலாது. சேர்ந்து படிக்கப்படுபவற்றை, 2 எம்பி வரம்புக்குள், ஒரே ஆவணத்தில் வைப்பதே முறை.

ஏற்கெனவே ஸ்பிரிங்கின் ரியாக்டிவ் வெப் கட்டமைப்பான வெப்ஃபிளக்ஸில் இயங்கும் சேவைக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். ஜாவா 21இன் விர்ச்சுவல் த்ரெட்களோடு (காத்திருந்தாலும் அதிகச் செலவு வைக்காத இலகுவான த்ரெட்கள்) புதிதாகத் தொடங்கும் குழுவினர், இதே லைப்ரரியின் சாதாரண ரெப்பாசிட்டரியிலிருந்து தொடங்கலாம். பின்னாளில் ரியாக்டிவுக்கு மாற நேர்ந்தாலும் அனோட்டேஷன் இட்ட கிளாஸ்களைத் தொட வேண்டியிருக்காது.