தெருவின் நடுவே எந்த மூடி? வார்ப்பிரும்பும் கம்பியிழைக் கான்கிரீட்டும்

நாகர்கோவிலிலிருந்து களியக்காவிளை வழியாகத் திருவனந்தபுரம் செல்லும் சாலையில், கருங்கல்லும் பாறைப்பொடியும் ஏற்றிய கனரக லாரிகள் ஓயாமல் கேரளத்துக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழைகளும் பெய்யும் மாவட்டம் இது. இத்தகைய ஊரில் பாதாளச் சாக்கடைக்கு மூடி வாங்குபவர்கள் விலைப்பட்டியலை மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது. மேலிருந்து இறங்கும் சுமை, கீழிருந்து எழும் வாயு, திருட்டு, திறக்கும் வசதி ஆகியவற்றைச் சேர்த்தே எடைபோட வேண்டும்.

மூடி வகைகளுள் வார்ப்பிரும்பு மூடியே மூத்தது. 1858-இல் தேம்ஸ் நதியின் நாற்றம் லண்டன் நாடாளுமன்றத்தையே திணறடித்த பிறகு, ஜோசப் பசல்கெட் அந்த நகரம் முழுவதற்கும் சாக்கடை அமைத்தார். நீர் குறைவாக ஓடும்போதும் வேகம் குறையாமல் கசடை இழுத்துச் செல்லும்படி, அடிப்பகுதி குறுகிய முட்டை வடிவச் சுரங்கங்கள் அதில் இடம்பெற்றன. அந்தக் காலத்துச் சாலைகளுக்கு வார்ப்பிரும்பு பொருத்தமாகவே இருந்தது. அது அழுத்தத்தை நன்றாகத் தாங்கும். சாக்கடை வாயுவால் எளிதில் அரிக்கப்படாது. ஆனால் சாதாரண வார்ப்பிரும்பில் கிராஃபைட் தகடு தகடாக இருப்பதால், ஓங்கி அடி விழுந்தால் விரிசல் ஓடிவிடும். அதை ஈடுகட்டக் கனமாக வார்க்கிறார்கள். பெருஞ்சாலைக்குரிய மூடியும் அது அமரும் சட்டமும் சேர்ந்து 200 கிலோ அளவுக்கு வரும். அத்தனை இரும்பும் பழைய இரும்புக் கடையில் காசாகும் என்பதால்தான் இரவோடு இரவாக மூடிகள் காணாமல் போகின்றன. மூடி களவுபோன குழி மழைநீரில் மறைந்து கிடப்பதைவிட ஆபத்தான பொறி தெருவில் வேறில்லை.

இந்தத் திருட்டுக்கு விடையாகவே, சிறு எஃகு இழைகள் கலந்து வார்த்த கம்பியிழைக் கான்கிரீட் மூடி பரவியது. இதை விற்றுக் காசாக்க முடியாது, விலையும் குறைவு. இந்தியத் தர நிர்ணயம் ஐஎஸ் 12592 இதை 2.5, 10, 20, 35 டன் என நான்கு சுமை வகைகளாகப் பிரிக்கிறது. வீட்டு வளாகத்துக்கும் நடைபாதைக்கும் 2.5 டன் மூடி போதும். அதையே லாரி திரும்பும் முனையில் பதித்தால் உடையத்தான் செய்யும். அந்தப் பழியைக் கான்கிரீட்டின் மேல் போடுவது நியாயமன்று.

கான்கிரீட்டின் உண்மையான பலவீனம் அடிப்பக்கத்தில் இருக்கிறது. குழாயினுள் படியும் வழவழப்பான படலத்தில் வாழும் நுண்ணுயிரிகள் ஹைட்ரஜன் சல்பைடை உண்டாக்குகின்றன; மேலெழும் அந்த வாயுவை, ஈரமான கான்கிரீட் பரப்பில் ஒட்டியிருக்கும் வேறு நுண்ணுயிரிகள் கந்தக அமிலமாக்குகின்றன. வெப்பமும் ஈரமும் கூடிய நம் பகுதியில் இது விரைவாக நடக்கும். அரிப்பு முற்றிய மூடியைப் புரட்டிப் பார்த்தால், சிமெண்ட் வெளுத்து, நகத்தால் சுரண்டினாலே வெண்களிம்பாக உதிரும். உள்ளிருக்கும் கம்பி துருவேறி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். மேல்பக்கமோ அப்போதும் நல்ல மூடி போலவே தோன்றும். இரும்பு மூடி களவுபோனால் மறுநாளே தெரிந்துவிடும். கான்கிரீட் மூடி உளுத்துப்போனது, சக்கரம் உள்ளே இறங்கும்வரை தெரியாது.

இவ்விரண்டுக்கும் மாற்றாக நான் பெருஞ்சாலைக்குப் பரிந்துரைப்பது டக்டைல் இரும்பு. 1943-இல் அமெரிக்காவில் கீத் மில்லிஸ் உருகிய வார்ப்பிரும்பில் மக்னீசியம் சேர்த்தபோது, கிராஃபைட் தகடாக இல்லாமல் உருண்டைகளாகத் திரண்டது. அதனால் விரிசல் எளிதில் ஓடுவதில்லை. அதே சுமையை மெல்லிய, எடை குறைந்த மூடியே தாங்குகிறது. கீலும் பூட்டும் வைத்து வார்ப்பதால் கழற்றிக்கொண்டு போவதும் கடினம். விலை கூடுதல்தான். நாரிழை பிளாஸ்டிக் மூடிக்குத் திருட்டும் அரிப்பும் பெரிய சிக்கலல்ல; எடையும் குறைவு. ஆனால் வெள்ளம் பெருகிக் குழியிலிருந்து நீர் மேலே தள்ளும் தெருவில், பூட்டில்லாத லேசான மூடி மிதந்து விலகக்கூடும்.

வடிவத்தில் எனக்குத் தயக்கமே இல்லை: வட்டம்தான். சதுர மூடியைச் சற்றே திருப்பினால் மூலைவிட்ட வழியாகக் குழிக்குள் விழுந்துவிடும். வட்டம் எப்பக்கம் திரும்பினாலும் விழாது, உருட்டியும் நகர்த்தலாம். சட்டத்தின் இருக்கைப் பரப்பு சமமாகக் கடைசல் செய்யப்பட்டிருக்கிறதா என்பதையும் கவனிக்க வேண்டும். இல்லையென்றால் ஒவ்வொரு சக்கரத்துக்கும் மூடி ஆடி ஓசையெழுப்பி, நாளடைவில் சட்டத்தையே பெயர்த்துவிடும்.

எளிதாகத் திறக்க முடிகிறதா என்பது மனித உயிர் சம்பந்தப்பட்டது. 2015-இல் கோழிக்கோட்டில் குழிக்குள் சிக்கிய இரு தொழிலாளர்களைக் காப்பாற்ற இறங்கிய ஆட்டோ ஓட்டுநரும் அவர்களோடு மாண்டார். அதன் பிறகு கேரள இளைஞர்கள் உருவாக்கிய, சாக்கடைக் குழியை மனிதருக்குப் பதிலாகச் சுத்தம் செய்யும் பேண்டிகூட் எந்திரம் 2018-இல் திருவனந்தபுரத்தில் பணிக்கு வந்தது. மனிதரைப் பாதுகாப்பின்றிச் சாக்கடைக்குள் இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது. மூடி அது அமர்ந்திருக்கும் சட்டகத்தோடு இறுகிப்போயிருந்தாலோ, குழியின் வாய் குறுகலாக இருந்தாலோ, எந்திரத்தை இறக்க வழியிருக்காது.

ஆகவே லாரி ஓடும் சாலைக்கு 35 டன்னோ அதற்கு மேலோ தாங்கும், கீல் வைத்த டக்டைல் இரும்பு வட்ட மூடியையும், உட்தெருவுக்கு அடிப்பக்கம் அமிலம் தாங்கும் பூச்சிட்ட 20 டன் கான்கிரீட் மூடியையும் கேட்டு ஒப்பந்தப்புள்ளி விட வேண்டும். கான்கிரீட் மூடிகளை மழைக்காலத்துக்கு முன் ஆண்டுதோறும் புரட்டிப் பார்க்கும் வேலையையும் அதே ஒப்பந்தத்தில் சேர்க்க வேண்டும்.