கதிரைப் பிடிக்கும் விரல்கள்: மருதமுனை நெசவு வீடு ஒன்றில் வாங்கிய துணிகள்

மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்குப் போகும் பிரதான வீதியில், கல்லாறுகளையும் பெரியநீலாவணையையும் தாண்டியதும் வருவது மருதமுனை. கைத்தறிக்குப் பெயர்போன அந்த ஊரின் உட்தெரு ஒன்றில், பின்தாழ்வாரத்தில் இரண்டு தறிகளைப் போட்டு நெய்து, முன்னறையில் வைத்து விற்கும் ஒரு குடும்பத்திடம், கடந்த எட்டு மாதங்களில் இரண்டு படுக்கை விரிப்புகளும் அப்பாவுக்கு இடுப்பில் உடுத்த மூன்று சாரங்களும் அம்மாவுக்கு ஒரு சாறியும் வாங்கியிருக்கிறேன். வீட்டு வாசலில் பெயர்ப்பலகை கிடையாது. தன் பெயரை எங்கும் எழுத வேண்டாம் என்று நெய்பவர் கேட்டுக்கொண்டதால், நான் அழைப்பதுபோலவே இங்கும் அவரை, அக்கா என்ற பொருளில், ராத்தா என்று குறிப்பிடுகிறேன்.

நான் அங்கே போனதற்கு ஒரு கசப்பான அனுபவமே காரணம். நகரத்துப் புடவைக்கடை ஒன்றில் மருதமுனைக் கைத்தறி என்று சொல்லி விற்ற சாரம், மூன்று தடவை தோய்ப்பதற்குள் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு சுருங்கியது. அது கைத்தறியே அல்ல, இயந்திரத்தில் நெய்து வந்த துணி என்பதைப் பிறகுதான் அறிந்தேன். கள்ளத்தராசைக் கர்த்தர் அருவருக்கிறார் என்று வேதாகமத்தின் நீதிமொழிகள் புத்தகத்தில் 11ஆம் அதிகாரம் தொடங்குகிறது. நிறைகல்லைக் குறைத்து வைப்பதும், துணிக்கு இல்லாத பிறப்பிடத்தைச் சொல்லி விற்பதும் என் பார்வையில் ஒரே குற்றம்தான். ராத்தாவிடம் இதைச் சொன்னபோது, அவர் தறியிலிருந்து இறக்கிய ஒரு துண்டை எடுத்து அதன் இரு ஓரங்களிலும் வரிசையாக இருந்த நுண்துளைகளைக் காட்டினார். நெய்யும்போது அகலம் குறுகாமல் துணியை விரித்துப் பிடிக்கும் குச்சியின் ஊசிமுனைகள் குத்திய தடங்கள் அவை. வாங்குவோர் முதலில் அந்த ஓரத்தைப் பார்க்க வேண்டும்.

இனித் துணியைப் பற்றிச் சொல்கிறேன். படுக்கை விரிப்பு கனமானது. புதிதாக இருக்கும்போது சற்று விறைப்பாக இருந்தாலும், நாலைந்து தடவை தோய்த்தபின் மிருதுவாகி, இப்போது எங்கள் வீட்டில் எல்லோரும் கேட்டு விரிக்கும் விரிப்பாகிவிட்டது. சாரத்தை மூட்டிய இடத்தில் கட்டங்கள் ஒன்றோடொன்று பிசகாமல் பொருந்துகின்றன. தையலைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். சாறியின் கரையில் மயிற்கழுத்து நிறத்தையும் மாம்பழ மஞ்சளையும் சேர்த்திருந்தார். அந்தச் சேர்க்கையை நான் கேட்கவில்லை. அம்மாவின் வயதையும் நிறத்தையும் விசாரித்துவிட்டு அவரே தெரிந்தெடுத்தது. அம்மாவுக்கு அதைவிடப் பொருத்தமாக எதையும் நான் தெரிந்தெடுத்திருக்க மாட்டேன்.

இந்த வீட்டில் நான் பெற்றுக்கொண்டவற்றுள் விலை இல்லாத ஒன்றும் உண்டு. சிறுவயதில் ஞாயிறு பாடசாலையில் நீதிமொழிகள் 31ஆம் அதிகாரத்தின் கடைசி 22 வசனங்களை மனனம் செய்தோம். மூலமொழியான எபிரேயத்தின் 22 எழுத்துகளும் ஒவ்வொரு வசனத்தின் தொடக்கமாக வரிசையில் வரும் அகரவரிசைப் பாட்டு அது. அதில் குணசாலியான பெண்ணைப் பற்றி, ‘தன் கைகளை இராட்டினத்தில் வைக்கிறாள், அவள் விரல்கள் கதிரைப் பிடிக்கும்’ என்று வரும். வயலும் வாய்க்காலுமாக வளர்ந்த எனக்குக் கதிர் என்றால் நெற்கதிர்தான். ஒரு பெண் வெட்டுக்குப் போய்க் கதிரைக் கையில் பிடித்து நிற்பதாகவே பல வருடங்கள் எண்ணியிருந்தேன். மாணவர்களுக்கும் அப்படியே சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ராத்தாவின் தாழ்வாரத்தில், தறியில் குறுக்கே ஓடும் நாடாவுக்குள் வைக்கும் தார் என்ற சிறு குழலில் நூல் சுற்றுகிற இராட்டினத்தின் அருகே உட்கார்ந்திருந்தபோது, அதில் சுழலும் இரும்புக் கம்பியைத் தொட்டு, “இதுதான் டீச்சர் கதிர், இது வளைஞ்சா எல்லாம் கெட்டுப் போகும்” என்றார். அந்த வசனம் முதல் தடவையாக எனக்குப் புரிந்தது அப்போதுதான். பழைய இஸ்ரவேலில் இராட்டினச் சக்கரம் இருந்ததில்லை. பெண்கள் கையிலேயே கதிரைச் சுழலவிட்டு நூற்றார்கள். நம் மொழிபெயர்ப்பாளர்கள் தங்கள் காலத்து மக்கள் அறிந்த கருவியின் பெயரைக் கொடுத்திருக்கிறார்கள். அதே பாட்டில் அவள் ‘மெல்லிய புடவைகளை’ நெய்து விற்கிறாள் என்று வருவதும், துணியையே புடவை என்று சொல்லும் நமக்குத்தான் நேராக விளங்கும்.

அந்தப் பாட்டின் பெண்ணைச் சிக்கனக்காரியாகவும் விடியுமுன் எழும்புகிறவளாகவும் மட்டுமே பிரசங்கங்களில் கேட்டிருக்கிறேன். சுறுசுறுப்புக்கு எறும்பை உதாரணம் காட்டுகிற அதே நீதிமொழிகள் புத்தகம், இவளிடம் சுறுசுறுப்போடு நிற்கவில்லை. தன் வியாபாரம் நல்லது என்று அவள் அறிகிறாள் என்ற 18ஆம் வசனத்தில், அறிதலுக்கு எபிரேயம் வைத்திருக்கும் சொல் சுவைத்துப் பார்த்தலைக் குறிக்கும் சொல். வேலையின் தரத்தை நாவில் உணவை உணர்வதுபோல் உணர்கிறவள் அவள். ராத்தா, நெய்து முடித்த துணியைக் கண்ணால் பார்ப்பதற்கு முன் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் வைத்து மெல்லத் தேய்ப்பதை ஒவ்வொரு முறையும் கவனித்திருக்கிறேன். யாத்திராகமத்தில், இஸ்ரவேலர் வனாந்தரத்தில் தொழுத ஆசரிப்புக் கூடாரத்தைச் செய்த பெசலெயேலுக்குத் தேவன் கொடுத்ததாகச் சொல்லப்படும் ஞானமும், அதற்காக நூல் நூற்ற பெண்களின் இருதயத்தில் இருந்த ஞானமும், சாலொமோன் கேட்டுப் பெற்ற ஞானமும் எபிரேயத்தில் ஒரே சொல்தான். கையின் தேர்ச்சிக்கு வேறொரு தாழ்ந்த சொல்லை அந்த மொழி தேடவில்லை.

மூன்றாவது தடவை போனபோது, நான் கேட்டிருந்த இரண்டாவது விரிப்பு மடித்துத் தயாராக இருந்தது. பணத்தை நீட்டிய என் கையைத் தடுத்து, விரிப்பைப் பிரித்து நடுப்பகுதிக்குச் சற்று மேலே ஓரிடத்தைக் காட்டினார். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் மட்டும் தெரியக்கூடிய ஒரு மெல்லிய கோடு. குறுக்கே ஓடும் ஊடை நூலில் ஓர் இழை விட்டுப்போயிருந்தது. நானாகக் கண்டுபிடித்திருக்கவே மாட்டேன். பரவாயில்லை, எடுத்துக்கொள்கிறேன் என்றேன். “உங்களுக்குப் பரவாயில்ல, எனக்குத் தெரியுமே” என்று சொல்லி, அதைத் தன் வீட்டுப் பாவனைக்கு ஒதுக்கிவிட்டு, புதிதாக ஒன்றை நெய்து கொடுத்தார். அதற்கு மேலும் ஒன்பது நாட்கள் சென்றன. அந்த ஒன்பது நாட்களுக்காகத்தான் நான் இந்த மதிப்புரையை எழுதுகிறேன் என்றும் சொல்லலாம்.

குறைகளையும் சொல்ல வேண்டும். முதல் சாரத்தின் சிவப்புக் கோடு முதல் தோய்ப்பில் சாயம் விட்டு, பக்கத்திலிருந்த வெள்ளைக் கட்டத்தை இளஞ்சிவப்பாக்கியது. முதல் தடவை உப்புத் தண்ணீரில் தனியாக ஊறவைத்துத் தோய்க்க வேண்டும் என்பதை அவர் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். கேட்டபோது அதை ஒப்புக்கொண்டு, இப்போது ஒவ்வொருவருக்கும் சொல்லி அனுப்புகிறார். அவசரத்துக்கு இங்கே எதுவும் கிடைக்காது: விரிப்புக்கு மூன்று வாரம், சாறிக்கு அதற்கும் மேல். காசாக மட்டுமே கொடுக்க வேண்டும். வெள்ளிக்கிழமை போவதானால் ஜும்ஆத் தொழுகை முடிந்தபின் போவது நல்லது.

விலை ஆலைத்துணியைவிடக் கூட. சாரம் ஒன்றுக்கு 3,200 ரூபாய் கொடுத்தேன். முதல் தடவை நானும் வழக்கப்படி குறைத்துக் கேட்டேன். நூல் விலையையும், சாய விலையையும், தார் சுற்றிக் கொடுக்கும் பெண்ணுக்கான கூலியையும் அவர் ஒரு அப்பியாசக் கொப்பியில் எழுதி வைத்திருந்ததைக் காட்டினார். தன் உழைப்புக்கு அவர் வைத்திருந்த தொகையைப் பார்த்தபின் எனக்குப் பேரம் பேச வாய் வரவில்லை. தார் சுற்ற வருகிறவர் கணவனை இழந்தவர் என்பதும், வேலை குறைந்த நாட்களிலும் ராத்தா அவரை வெறுங்கையோடு அனுப்புவதில்லை என்பதும் பிறகு தெரிந்தது. கதிரைப் பிடிக்கும் வசனத்துக்கு அடுத்த வசனத்தில் அந்தப் பெண் ஏழைகளுக்குக் கையை நீட்டுகிறாள். இராட்டினத்தை நோக்கி நீளும் கைக்கும் ஏழையை நோக்கி நீளும் கைக்கும் எபிரேயத்தில் ஒரே வினைச்சொல்லைத்தான் போட்டிருக்கிறார்கள். ‘அவளுடைய கைகளின் பலனை அவளுக்குக் கொடுங்கள்’ என்று பாட்டு முடிகிறது. வாங்குகிறவர்களுக்கு இடப்பட்ட கட்டளையாக அதை இப்போது வாசிக்கிறேன்.

கிறிஸ்மஸுக்கு எங்கள் கோவிலின் திருவிருந்து மேசைக்கு ஒரு வெள்ளை விரிப்பு நெய்யச் சொல்லியிருக்கிறேன். மேசைக்கு 60 அங்குல அகலம் வேண்டும். அவருடைய தறியில் 48 அங்குலத்துக்கு மேல் வராது. நடுவில் ஒரு முழுத் துண்டும் இரு பக்கமும் ஒடுக்கமான இரண்டு துண்டுகளுமாக வைத்து, மூட்டு இரண்டும் மேசை விளிம்பில் மடிந்து மறையும்படி தைக்கலாம் என்று கொப்பியில் கோடு போட்டுக் காட்டி, மேசையின் உயரத்தையும் அளந்துகொண்டு வரச் சொன்னார்.