"சிரமத்திற்கு வருந்துகிறோம்" எதிர் "கவலைப்படாதீங்கண்ணா"

புதுச்சேரி, கடலூர்ப் பக்கத்திலிருந்து எந்த கஸ்டமர் கேருக்கு போன் போட்டாலும் பெரும்பாலும் இரண்டு குரல்களில் ஒன்றுதான் வரும். ஒன்று, எழுதிக் கொடுத்ததை ஒப்பிக்கும் குரல்: "தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்திற்கு வருந்துகிறோம்." மற்றது உறவு கொண்டாடும் குரல்: "கவலைப்படாதீங்கண்ணா, நான் பார்த்துக்கறேன்." இந்த இரண்டாவதுதான் நல்லது என்று இப்போது பலரும் சொல்கிறார்கள். எனக்குப் பாதி சம்மதம்.

சந்தேகம் கேட்டு வருகிறவர்களிடம் உறவுக்குரல்தான் ஜெயிக்கும், பேச்சே இல்லை. மஞ்சக்குப்பத்தில் புது வாஷிங் மெஷின் வாங்கிய ஒரு அம்மா, "தண்ணியே ஏற மாட்டேங்குதுப்பா" என்கிறார். "இன்லெட் வால்வைச் சரிபார்க்கவும்" என்றால் போனை வைத்துவிடுவார். "மெஷினுக்குப் பின்னாடி ஒரு டியூப் போகுதுல்லம்மா, அது மாட்டியிருக்கற குழாயைத் திறந்துட்டீங்களா?" என்று கேட்டால், பேசிக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் ஏறும் சத்தம் கேட்கும்.

பணம் மாட்டிக்கொண்டால் கதை வேறு. ஏடிஎம்மில் நோட்டு வரவில்லை, கணக்கில் மட்டும் கழிந்துவிட்டது. அதற்கு இரண்டு பதில்கள்:

"டென்ஷன் ஆகாதீங்கண்ணா, பணம் எங்கயும் போகாது, சீக்கிரம் வந்துடும்."

"பரிவர்த்தனை நாளிலிருந்து 5 நாட்களுக்குள் தொகை மீண்டும் வரவு வைக்கப்படும். தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு வழங்கப்படும்."

இரண்டாவது பதில் விறைப்புதான். ஆனால் ரிசர்வ் வங்கி 2019இல் போட்ட விதி முழுசாக அதில் இருக்கிறது. வாடகைப் பணம் சிக்கிக்கொண்டவருக்கு 'சீக்கிரம்' என்பதை வைத்து என்ன செய்ய? அவருக்குத் தேதி வேண்டும். அதையே, "5 நாளுக்குள்ள தானா ஏறிடும் சார். ஏறலைன்னா, அதுக்கப்புறம் ஒவ்வொரு நாளுக்கும் பேங்க் 100 ரூபாய் தரணும்" என்று சொல்லலாம். அண்ணனும் இல்லை, வருத்தமும் இல்லை. என் ஓட்டு இதற்குத்தான்.

முறை வைத்துக் கூப்பிடுவதில் வேறு வம்பும் உண்டு. குரலை வைத்து வயது தெரியாது. லாஸ்பேட்டையில் முப்பது வயதுப் பெண்ணை 'ஆன்டி' என்றால் அப்புறம் என்ன சொன்னாலும் காதில் ஏறாது. 'மேடம்' எவ்வளவோ தேவலை.

நேரம் தெரியாத கலகலப்பு இன்னும் மோசம். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்து, வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. ஃபிரிட்ஜ் முழுகிப் போனவர் புகார் கொடுக்க ஆப்பைத் திறக்கும்போது, "ஹாய்! இன்னிக்கு நாள் எப்படிப் போகுது?" என்று சிரிக்கிற பொம்மையோடு ஒரு சாட் வந்து நின்றால் எப்படி இருக்கும்? அந்த இடத்தில் ஒப்பிக்கிற குரலே மரியாதை.

உறவுக்குரலின் பெரிய ஓட்டை, அது கொடுக்கும் வாக்கு. இணையத்தில் விற்கிறவர்கள் புகார் வந்த 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்று 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் சொல்கின்றன. விறைப்புக் குரல் எடுத்த எடுப்பில் புகார் எண்ணைக் கொடுத்துவிடும். "நான் பார்த்துக்கறேண்ணா" என்றவர் கொடுத்திருக்க மாட்டார். மறுநாள் கூப்பிட்டால் வேறொருவர் எடுப்பார். "நேத்து பேசின தம்பி எங்க?" என்றால், அந்தத் தம்பிக்கு இன்று லீவு.