பேரேட்டை யாரிடம் கொடுப்பது? பினாங்குக் கடையொன்றில் மூன்று செயற்கை நுண்ணறிவு வழிகள்

ஜார்ஜ் டவுன், லெபோ பசாரில் என் தாய்மாமா நடத்தும் மசாலைப் பொருள் மொத்த வியாபாரத்துக்குள் செயற்கை நுண்ணறிவு நுழைந்தது வருமான வரி வாரியத்தின் புண்ணியத்தால்தான். மலேசியாவில் மின்-விலைப்பட்டியல் முறை, ஆண்டு விற்பனை 10 கோடி ரிங்கிட்டைத் தாண்டிய நிறுவனங்களுக்கு 2024 ஆகஸ்ட் 1 அன்று தொடங்கி, 2025 ஜனவரி 1 முதல் 2.5 கோடிக்கு மேற்பட்டவர்களுக்கும், அதே ஆண்டு ஜூலை 1 முதல் 50 லட்சத்துக்கு மேற்பட்டவர்களுக்கும் விரிந்தது. மாமாவின் கடை இந்த மூன்றாம் பிரிவில் வந்தது. அதுவரை கார்பன் தாள் வைத்த பில் புத்தகத்திலும் மூத்த கிராணியின் (கணக்கெழுத்தரின்) நினைவிலும் கிடந்த விற்பனை விவரம், வாங்குபவரின் வரி எண், பொருளின் வகைக் குறியீடு, அளவு, விலை என்று வரி பிரிந்து கணினிக் கோப்பாகத் திரளத் தொடங்கியது. வாரியம் கேட்டது வரிக்காக. ஆனால் எந்த வாடிக்கையாளர் எந்த வாரத்தில் எத்தனை மூட்டை கொத்தமல்லி எடுத்தார் என்பதைக் கடையில் யார் வேண்டுமானாலும் பார்க்க முடிந்தது அப்போதுதான்.

சில மாதங்களிலேயே மூன்று தரப்பினர் வந்து மூன்று வழிகளைச் சொன்னார்கள். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையொன்றில் தரவுப் பிரிவில் வேலை பார்ப்பவன் என்பதால், ஒப்பிட்டுச் சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. முதல் வழி, சாட்ஜிபிடி, கோபைலட் போன்ற உரையாடல் உதவியாளர்களுக்கு மாதச் சந்தா கட்டுவது. இரண்டாவது, கடையில் ஏற்கெனவே ஓடும் கணக்கு மென்பொருளுடன் புதிதாக வந்துள்ள முன்கணிப்பு வசதியைத் திறந்துகொள்வது. மூன்றாவது, லாமா, க்வென் போன்ற, யாரும் இறக்கிக்கொள்ளக்கூடிய திறந்த செயற்கை நுண்ணறிவு மாதிரி ஒன்றைக் கடையின் சொந்தக் கணினியிலேயே இறக்கி ஓட்டுவது. மூன்றையும் ஒரே பழைய பில் தொகுப்பைக் கொண்டு, பெயர்களை மறைத்துவிட்டு, நானே ஓட்டிப் பார்த்தேன். எது அறிவாளி என்று பார்க்கத்தான் தொடங்கினேன். அந்தக் கேள்வி பாதி வழியிலேயே சுவையிழந்துவிட்டது.

சரக்கின் பெயரில் வந்த சிக்கல்

மூன்றும் இடறிய இடம் ஒன்றே. கடையின் பதிவுகளில் ஒரே சரக்கு "மிளகாய் வத்தல்", "சிலி கெரிங்", "டிரை சில்லி" என்று மூன்று பெயர்களில் இருந்தது. அதைவிட மோசம் ஜிந்தான். மலாயில் ஜிந்தான் பூத்தே என்றால் சீரகம், ஜிந்தான் மானிஸ் என்றால் சோம்பு. அவசரத்தில் விற்பனைப் பையன் வெறும் "ஜிந்தான்" என்று தட்டிவிடுவான். கிடங்கில் மூட்டையைப் பார்த்தவனுக்குக் குழப்பமில்லை, கணினிக்கு உண்டு. கணக்கு மென்பொருள் மூன்று பெயர்களையும் மூன்று சரக்குகளாகவே எண்ணி, வத்தல் விற்பனை சரிந்துவருவதாக எச்சரித்தது. சந்தா உதவியாளர், மிளகாயைத் தானே ஒன்றுசேர்த்தாலும், தனி ஜிந்தானையெல்லாம் கேட்காமலே சீரகத்தில் சேர்த்தது. சொந்தக் கணினியில் ஓடிய சிறு மாதிரி சில வரிகளில் சரியாகவும் சில வரிகளில் தப்பாகவும் பிரித்தது; தப்பு ஒரே சீராக இல்லாததால் கண்டுபிடிப்பது கடினமாக இருந்தது.

தமிழில் கேள்வி கேட்கும்போது இடைவெளி இன்னும் விரிகிறது. இம்மாதிரிகள் எழுத்தைச் சிறு துண்டுகளாக வெட்டித்தான் படிக்கின்றன. தமிழ் நெடுங்காலமாக மிகப் பொடியாக வெட்டப்பட்டு வந்தது. 2024 மே மாதம் ஜிபிடி-4ஓ வெளிவந்தபோது, 116 துண்டுகளான ஒரு தமிழ் மாதிரி வாக்கியம் புதிய முறையில் 35 துண்டுகளாகக் குறைந்ததாக ஓப்பன்ஏஐ காட்டியது. துண்டு குறைந்தால் வேகம் கூடும், செலவு குறையும். கடைக் கணினியில் அடங்கும் சிறு மாதிரியிடம் தமிழில் கேட்டால் விடை பாதியில் தடுமாறியது; மலாயிலோ ஆங்கிலத்திலோ கேட்டால் தேறியது. இந்தக் கூறில் சந்தா வழிக்கே முதலிடம் என்பதில் எனக்கு ஐயமில்லை. இருந்தாலும், எந்த வழியை எடுத்தாலும் முதல் ஒரு மாதம் ஒருவர் உட்கார்ந்து சரக்குப் பெயர்களைச் சீர்படுத்தியே ஆகவேண்டும் என்பதை மூன்று விற்பனையாளர்களில் ஒருவர்கூடச் சொல்லவில்லை.

தீபாவளி எந்த மாதத்தில் வருகிறது?

மசாலை வியாபாரத்தில் ஆண்டின் மிகப் பெரிய முடிவு, தீபாவளிக்கு எவ்வளவு சரக்கு எப்போது தருவிப்பது என்பது. குண்டூர் வத்தல் கப்பலேறி பட்டர்வொர்த் கொள்கலன் முனையத்தில் இறங்கி, சோதனை முடிந்து கிடங்குக்கு வரப் பல வாரங்கள் ஆகும். பிந்தினால் சரக்கு தைப்பூசம் வரை தூங்கும். கணக்கு மென்பொருளின் முன்கணிப்பு, போன ஆண்டு இதே மாதம் என்ன விற்றதோ அதை அடிப்படையாக வைத்துப் போக்கைக் கணிக்கிறது. 2023-இல் தீபாவளி நவம்பர் 12, 2024-இல் அக்டோபர் 31, 2025-இல் அக்டோபர் 20. இந்த மூன்றை மட்டும் பார்க்கும் இயந்திரத்துக்குப் பருவம் ஆண்டுதோறும் முன்னே நகர்வதாகத்தான் தோன்றும். ஐப்பசித் தேய்பிறைக் கணக்குப்படி 2026-இல் அது நவம்பர் 8-க்குத் தாவுகிறது என்பது நாட்காட்டி தெரிந்தவருக்குத்தான் தெரியும். நோன்புப் பெருநாளோ இப்படித் திரும்பித் தாவுவதில்லை. ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாள் என்று முன்னோக்கியே போய்க்கொண்டிருக்கும். 2024-இல் ஏப்ரல் 10, 2025-இல் மார்ச் 31. இரண்டு பெருநாள் வாடிக்கையும் உள்ள கடையில் "சென்ற ஆண்டு இதே மாதம்" என்ற அளவுகோலுக்குப் பொருளே இல்லை.

சந்தா உதவியாளரிடம் திருநாள் தேதிகளைக் கொடுத்து, மாதத்தை விட்டுவிட்டு, "தீபாவளிக்கு எத்தனை நாள் முன்பு" என்ற அளவில் விற்பனையை அடுக்கச் சொன்னேன். அது தானே கணக்குப் போடாமல், கணக்குப் போடும் நிரலை எழுதித் தந்தது. இதுவே சரியான வழி. உரையாடல் மாதிரிகள் நேரடியாகக் கூட்டிக் கழிக்கும்போது சறுக்கக்கூடியவை. சொந்தக் கணினி மாதிரியும் அதே வேலையைச் செய்தது, ஆனால் நிரலை நான் மூன்று முறை திருத்த வேண்டியிருந்தது. கணக்கு மென்பொருளில் தேதியைச் சொல்வதற்கே இடமில்லை.

முன்கணிப்பை அப்படியே நம்பிக் கொள்முதல் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் ஸில்லோ நிறுவனம் சாட்சி. வீட்டு விலையைக் கணிக்கும் தன் நிரலை நம்பி வீடுகளை வாங்கி விற்ற அந்நிறுவனம், 2021 நவம்பரில் அந்தத் தொழிலையே மூடுவதாக அறிவித்தது. ஒரே காலாண்டில் 30 கோடி டாலருக்கு மேல் இருப்பு மதிப்பைக் குறைத்து எழுதிப் பணியாளர்களில் கால்வாசிப் பேரைக் குறைக்க நேர்ந்தது. அவர்களிடம் தரவுக்கும் குறைவில்லை, கணிதம் படித்தவர்களுக்கும் குறைவில்லை.

நாள்கடன் பேரேடு

விற்பனைப் பட்டியல் வெளியே போனால் பெரிதாக ஒன்றும் ஆகிவிடாது. நாள்கடன் பேரேடு அப்படியில்லை. எந்த நாசி கண்டார் கடை (சோறும் குழம்பும் விற்கும் உணவகம்) எத்தனை நாள் தவணையில் வாங்குகிறது, எந்த மளிகைக்காரர் காசோலையை இருமுறை மாற்றித் தந்தார் என்பதெல்லாம் அதில்தான் இருக்கிறது. நம்மவர்களுக்குள் அது மானப் பிரச்சினை. சட்டத்துக்கும் அது வெறும் கணக்கல்ல. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010-இன் திருத்தப்படி, கணிசமான பாதிப்பை விளைவிக்கக்கூடிய கசிவு நேர்ந்தால் 72 மணி நேரத்துக்குள் ஆணையருக்கு அறிவிக்க வேண்டும் என்ற விதி 2025 ஜூன் 1 முதல் நடப்பில் உள்ளது. சட்டத்தின் பாதுகாப்புக் கோட்பாடுகளை மீறுவதற்கான உச்ச அபராதமும் 10 லட்சம் ரிங்கிட்டாக உயர்ந்தது.

இங்கே சந்தா வழி பின்தங்குகிறது, ஆனால் பலர் நினைக்கும் காரணத்தால் அல்ல. நிறுவனங்களுக்கான சந்தாவில், உள்ளிடும் விவரங்களைக் கொண்டு மாதிரியைப் பயிற்றுவிப்பதில்லை என்று ஓப்பன்ஏஐ வாக்குறுதி தருகிறது. ஆபத்து, விற்பனைப் பையன் தன் கைப்பேசியில் வைத்திருக்கும் இலவசக் கணக்கில். 2023-இல் சாம்சங் பொறியாளர்கள் நிறுவனத்தின் நிரலைச் சாட்ஜிபிடியில் ஒட்டியது வெளிவந்தபின், அந்நிறுவனம் இத்தகைய கருவிகளுக்கே தடை போட்டது. நம் கடையில் தடை போட்டால் யார் கேட்பார்கள்? இன்னொன்று: அமேசானின் மேகக் கணினி மையங்கள் 2024 ஆகஸ்ட் முதல் மலேசியாவிலேயே இயங்குவதைச் சொல்லி "தரவு நாட்டுக்குள்தான் இருக்கும்" என்று விற்பனையாளர் ஒருவர் அடித்துப் பேசினார். மையம் இங்கே இருப்பது வேறு, நாம் தட்டும் கேள்வி அந்த மையத்துக்குத்தான் போகிறது என்பது வேறு. ஒப்பந்தத்தில் அந்த வரியைக் காட்டுங்கள் என்றதும் பேச்சு மாறியது.

சொந்தக் கணினி வழி இந்த ஓரிடத்தில் மற்ற இரண்டையும் தெளிவாக வெல்கிறது. எண்பது கோடியல்ல, எண்ணூறு கோடி அளவுருக்கள் (மாதிரி கற்றதைத் தேக்கிவைக்கும் எண்கள்) கொண்ட மாதிரிகூட, ஒவ்வோர் எண்ணையும் நான்கு பிட் அளவுக்குச் சுருக்கினால் ஏறக்குறைய 5 ஜிகாபைட் நினைவகத்தில் அடங்கிவிடும்; விளையாட்டுக்காக வாங்கும் கணினியே போதும், இணையக் கம்பியைப் பிடுங்கிவிட்டும் ஓட்டலாம். குறை, அதைப் பேணும் ஆள். நான் வார இறுதியில் வந்து பார்க்கிறேன் என்பதை ஓர் ஏற்பாடாகச் சொல்லிக்கொள்ள முடியாது. என் வயதுக்காரர்களில் பாதிப்பேர் சிங்கப்பூரில் இருக்கிறார்கள். நாளை நானும் போகலாம்.

வெள்ளிக் கணக்கு

செலவை நீட்டி எழுத வேண்டியதில்லை. கணக்கு மென்பொருளின் வசதி ஏற்கெனவே கட்டும் பராமரிப்புக் கட்டணத்துடன் வந்தது. மைக்ரோசாஃப்ட் 365 கோபைலட் 2023 நவம்பரில் பெருநிறுவனங்களுக்கு வந்தபோது ஒருவருக்கு மாதம் 30 டாலர், டாலர் 4.80 ரிங்கிட்டைத் தொட்ட 2024 பிப்ரவரி விலையில் பத்துப் பேருக்கு 1,440 வெள்ளி (ரிங்கிட்), அதே ஆண்டு செப்டம்பர் இறுதியின் 4.12-இல் ஏறக்குறைய 1,240 வெள்ளி. குறைந்தபட்ச ஊதியமான 1,700-ஐ விட இது குறைவு என்று மாமா உடனே கணக்குப் போட்டார். சந்தா கட்டிய கருவி லோரியில் மூட்டை ஏற்றாது என்று கிராணி பதில் சொன்னார். பத்துப் பேருக்கு வாங்க வேண்டிய தேவையும் இல்லை. இரண்டு பேர் போதும்.

பதில் சொல்பவர்

மலாயாவில் செட்டியார் கிட்டங்கிகள் (வட்டிக்கடைகள்) செழித்த காலத்தில் முதலாளி பெரும்பாலும் செட்டிநாட்டில் இருப்பார். இங்கே மேலாள், அதாவது அவருடைய முகவர், அதிகாரப் பத்திரத்தோடு மூன்றாண்டுக் கணக்குக்கு வந்து வியாபாரம் பார்ப்பார். ஐந்தொகை என்னும் வரவு-செலவு, இருப்புக் கணக்கு கடல் கடந்து போகும். முதலாளிக்கு எண்கள் தெரியும், மேலாளுக்கு ஆட்களைத் தெரியும். இடறினால் யாரைக் கேட்பது என்பதில் இருவருக்கும் ஐயம் இருந்ததில்லை. இன்று திரையில் ஒளிரும் அட்டவணை நாள்தோறும் வரும் ஐந்தொகைதான். ஆனால் அதை அனுப்பியவரைக் கூப்பிட்டுக் கேட்க முடியாது. 2024 பிப்ரவரியில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஒரு தீர்ப்பாயம் இதைத் தெளிவாக்கியது. ஏர் கனடாவின் உரையாடல் நிரல் பயணியொருவருக்குத் தவறான கட்டண விதியைச் சொல்லிவிட, அந்த நிரல் தன் செயலுக்குத் தானே பொறுப்பான தனி அமைப்பு என்பதுபோல் நிறுவனம் வாதிட்டது. தீர்ப்பாயம் அதை ஏற்காமல், நிறுவனமே இழப்பீடு தரவேண்டும் என்றது.

கடைக்குள் மாறியது வேறொன்று. இத்தனை ஆண்டுகள் மாமாவின் சொல் எடுபட்டதற்குப் பாதிக் காரணம், முழு விவரமும் அவர் ஒருவரிடம் மட்டுமே இருந்தது. இப்போது அவர் மகள் திரையைப் பார்த்துவிட்டு, "அப்பா, இவருக்குக் கடன் நிறுத்தணும்னு வருது" என்கிறாள். ஒரு நாசி கண்டார் கடையைப் பற்றிய அந்தப் பரிந்துரையைச் சொந்தக் கணினி மாதிரிதான் தந்தது: இரண்டு ஆண்டுகளாக மார்ச் மாதத்தில் பாக்கி நீள்கிறது. மாமா சிரித்தார். 2024-இல் நோன்பு தொடங்கியது மார்ச் 12, 2025-இல் மார்ச் 2; பகல் வியாபாரம் இல்லாத மாதத்தில் தவணை நீளாமல் என்ன செய்யும்? ஆனால் அதே பட்டியலில் இரண்டாவதாக இருந்த பெயரைப் பார்த்ததும் அவர் சிரிக்கவில்லை. முப்பதாண்டுப் பழக்கமுள்ள மளிகைக்காரர் ஒருவரின் பாக்கி மாதம் இரண்டு மூன்று நாளாக, கண்ணுக்குத் தெரியாமல் நீண்டு, தொண்ணூறு நாளைத் தொட்டிருந்தது. பழக்கம் மறைத்ததை எண் காட்டியது. இந்த இரண்டில் ஒன்று மட்டும் நடந்திருந்தால் என் அலசல் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும்.

நான் எழுதிக் கொடுத்த முடிவு இது: விளம்பரம், கடிதம், பெயர் மறைத்த விற்பனைப் பகுப்பாய்வு ஆகியவற்றுக்கு இரண்டு பேருக்கு மட்டும் சந்தா, நாள்கடன் பேரேடு சொந்தக் கணினியைவிட்டு வெளியேறக் கூடாது, கணக்கு மென்பொருளின் முன்கணிப்பைத் தீபாவளி, பெருநாள் சரக்குகளுக்கு அணைத்துவிட்டு, பெருங்காயம், மஞ்சள் போல ஆண்டு முழுதும் ஓடுபவற்றுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். பெயர் சீர்படுத்தும் வேலையைக் கிராணியே எடுத்துக்கொண்டார். ஜிந்தான் என்று மட்டும் தட்டினால் இப்போது பில் அச்சாகாது.

மாமா ஒன்றைச் சேர்த்தார். கடன் பட்டியலை அச்சிட்டு, ஒவ்வொரு பரிந்துரைக்கும் பக்கத்தில் ஒரு கட்டம் விடச் சொன்னார். மளிகைக்காரரின் பெயருக்கு நேரே "நேரில் பேசிவிட்டு நிறுத்தவும்" என்று தமிழில் எழுதி, தேதி போட்டு, கையெழுத்திட்டு, லோரிச் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பினார்.